இருநூற்று இருபது கிலோ பாக்கி

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் காளை, கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்ன சேதி இது: கேட் பட்டறை சின்னக்கருப்பன் தினமும் காலையில் ஓர் ஆளை விரட்டுகிறான். ஆள் திருநகர்க்காரன், சுங்குடிச் சேலை மொத்த வியாபாரி. வாங்கின கடனைத் திருப்பவில்லை.

எவ்வளவு கடன் என்று கேட்டேன். நாற்பதாயிரம் என்றார் காளை. பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த ஆட்டோக்காரர் ஒன்றரை லட்சம் என்றார். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அது வட்டியோடு மூன்றைத் தொட்டுவிட்டது. அவனியாபுரத்தில் வேறெந்தப் பணமும் இவ்வளவு வேகமாக வளர்ந்து நான் பார்த்ததில்லை.

சாட்சியம் என்னவோ பலமாகத்தான் இருந்தது. சின்னக்கருப்பன் இடுப்பில் ஒரு சாண் அகலத்துக்குத் தோல் பெல்ட். அதற்குள் என்ன சொருகியிருக்கிறான் என்பதில் மட்டும் கடையில் இரண்டு கட்சி. உள்ளங்கை இரண்டிலும் வெள்ளைப் பவுடர், பிடித்தால் நழுவக் கூடாதல்லவா. முகம் செக்கச்செவேல். ஒரு கரண்டு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் வெறிபிடித்தவன் மாதிரி ஓடுவான். சட்டென்று நிற்பான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அங்குமிங்கும் பார்ப்பான். மறுபடி ஓடுவான்.

"எதுக்கு நிக்கிறான்?" என்றேன்.

"ஆளு எந்தச் சந்துல நொழஞ்சான்னு பாக்க வேணாமா?" என்றார் காளை. என் அறியாமை அவருக்கு வருத்தமாக இருந்தது.

விரட்டப்படுகிற ஆளை யாராவது கண்ணால் பார்த்ததுண்டா என்றும் கேட்டேன். ஒருத்தரும் பார்த்ததில்லை. அம்புட்டு வேகமாக ஓடுகிறானாம்.

சரி, சம்பந்தப்பட்டவனையே கேட்டுவிடலாம் என்று பட்டறைக்குப் போனேன். சின்னக்கருப்பன் முகமூடியைப் போட்டுக்கொண்டு ஓர் இரும்புக் கேட்டில் தகர மயிலைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். நாற்பதை நெருங்குகிற ஆள். கடன் என்றதும் முகமூடியைத் தூக்கினான். ஆமாம், வரவேண்டியிருக்கிறது என்றான். எவ்வளவு?

"இருநூத்தி இருவது."

"ஆயிரமா?"

"கிலோ," என்று சொல்லி முகமூடியை இறக்கிக்கொண்டான். அதற்கப்புறம் தீப்பொறிதான் பேசியது.

மிச்சத்தைச் சொன்னது அவன் மனைவி பாண்டிமீனா. பட்டறைக்குப் பின்னால் வீடு. முன்னறையில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறார். கிரைண்டர் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல்.

"பொம்பளை பின்னாடி ஓடுனாருன்னா நாலு சட்டியப் போட்டு ஒடச்சித் தீத்துருவேண்ணே. இவரு ஆம்பளை பின்னாடில்ல ஓடுறாரு. நான் எவகிட்டப் போயிச் சண்டை போட?"

விஷயத்துக்கு வருவோம். சின்னக்கருப்பன் பளு தூக்குகிறவன். பட்டறையில் தூக்குவது வயிற்றுக்கு, இது போட்டிக்கு. வலையங்குளம் பக்கம் பிறர் வயலில் கூலிக்கு நெல் மூடை சுமந்த குடும்பத்தில் வந்தவன். அந்த வீட்டில் பலம் என்பது சந்தையில் விற்கிற சாமான். மகன் மாதாமாதம் பணம் கட்டி இரும்பைத் தூக்கப் போகிறான் என்று தெரிந்த அன்றைக்கு அவன் அம்மா சோணையம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "அம்புட்டையும் தூக்கி மறுபடி எடுத்த எடத்துலயே வைக்கிறியே, எவன்டா கூலி தாரான்?"

சிவபாண்டி மாஸ்டரின் தகரக்கூரை ஜிம்மில்தான் அவனுக்குச் சாய்குமார் பழக்கமானான். காளை சொன்ன திருநகர்ச் சேலை வியாபாரி இவன்தான், எப்போதும் வெள்ளைச்சட்டை, வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. இரும்பைத் தூக்குகிறவனுக்கு எண்ணிச் சொல்லும்போதும் அவன் வாயில் அந்த மொழிதான் வரும். காதுக்குப் பின்னால் வருடக்கணக்கில் அதைக் கேட்டதில் சின்னக்கருப்பனுக்கும் பத்து வரைக்கும் சௌராஷ்டிரத்தில் எண்ணத் தெரியும். பதினொன்று தெரியாது. பத்து தடவைக்கு மேல் ஒன்றைத் தூக்க முடிந்தால் அது கனமே இல்லை என்பது இரண்டு பேருடைய கொள்கையும்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஸ்குவாட் என்றால் பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. உட்கார்ந்தவன் எழ முடியாமல் போனால் என்ன கதி? அதற்காகப் பின்னால் ஒருவன் இரண்டு கையையும் நீட்டியபடி ஒட்டி நிற்பான். தொட மாட்டான். தொட்டால் தூக்கு செல்லாது. அவன் அங்கே இருக்கிறான் என்கிற தெம்புக்காக மட்டும் நிற்பான். ஜிம்மில் இதற்கு வேறு பெயர் கிடையாது, 'நிற்பது' என்பார்கள். எனக்கு நீ நின்றால் உனக்கு நான் நிற்க வேண்டும், அதுவும் அதே சாயங்காலம். சந்தாப் பணத்தைக்கூட இரண்டு மாதம் இழுக்கலாம், மாஸ்டர் முகத்தைச் சுளிப்பதோடு சரி. நின்ற கடனை வைத்துக்கொண்டு மட்டும் யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

சாய்குமார் போனான்.

அன்றைக்கு முதலில் தூக்கியது சாய்குமார், நின்றது சின்னக்கருப்பன். அடுத்து சின்னக்கருப்பன் முறை. பார் என்கிற இரும்புத் தண்டில் இருநூற்று இருபது கிலோ ஏறியது. அதுவரைக்கும் அவன் தோள் பார்க்காத எடை. முழங்கால் இரண்டிலும் பட்டையை முறுக்கிச் சுற்றி, பெல்ட்டை இழுத்து மாட்டி, கையில் பவுடரைத் தேய்த்துப் பாருக்குக் கீழே குனிந்தான். பின்னால் சாய்குமாரின் போன் அடித்தது. "இந்தா வாரேன் மாப்ள," என்று சொல்லி வெளியே போனான்.

முழங்கால் பட்டையை அந்த இறுக்கத்தில் ரொம்ப நேரம் விடக் கூடாது, கால் மரத்துவிடும். சின்னக்கருப்பன் கால் நாவல்பழ நிறத்துக்கு வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மாஸ்டர் தானே நிற்பதாகச் சொன்னார். இருந்த மற்றவர்களும் கேட்டார்கள். மணவறையில் மாப்பிள்ளையை மாற்றிக்கொள்ளச் சொன்னது போல அவர்களை முறைத்தான். பிளேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, வழக்கமாக உள்ளே போகும் இட்லியில் பாதியோடு கையைக் கழுவினான். பாண்டிமீனா அப்போதே பயந்துவிட்டார்.

போனில் கூப்பிட்டது ராஜேஷ்குமார் என்கிற பல் டாக்டர். நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ரோடுகளில் காலை நேரம் கூட்டமாக ஓடுகிறார்களே, அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். ஓர் ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்க அன்று கடைசி நாள். சாய்குமாருக்கு ரத்தக்கொதிப்பு எட்டிப் பார்த்து, பாரத்தை விட்டுவிட்டு நடையோ ஓட்டமோ பழகச் சொல்லியிருந்தார்கள். இதை நண்பனிடம் சொல்லக் கூச்சம். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். மறுநாள் காலை சீக்கிரம் எழுந்து ஓட வேண்டியிருந்தது. அதற்கு மறுநாளும்.

சின்னக்கருப்பனுக்கு அதற்கப்புறம் அவன் போனில் படமாகத்தான் கிடைத்தான்.

முதலில் சாய்குமாரின் தொப்பை காணாமல் போனது. பிறகு இரண்டாவது தாடை. சின்னக்கருப்பன் ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கி, போன இடத்தில் உண்மையிலேயே ஒன்றும் இல்லையா என்று பார்த்தான். அப்புறம் கிளிப்பச்சை பனியன் வந்தது. நெஞ்சுத் துடிப்பை எண்ணும் கடிகாரம் வந்தது. கடைசியாக, திருநகர் தெருமுனையில் பிளக்ஸே வந்துவிட்டது: பதக்கத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு சாய்குமார், கீழே வாழ்த்துகிறவர்களின் தலைகள். இரும்பு தூக்கிய காலத்தில் இவனுக்கு எவன் பிளக்ஸ் வைத்தான் என்று சின்னக்கருப்பன் வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தான். திருநகருக்குக் கேட் மாட்டப் போனால் அந்த முனையை விட்டுச் சுற்றிப் போவான். வேலையே இல்லாத சில நாட்களில் அந்த முனைக்கென்றே போய் நின்றுவிட்டும் வருவான்.

இவ்வளவையும் அவன் தாங்கிக்கொண்டான். தாங்க முடியாதது ஒரு வீடியோ. ஓட்டக்காரர்களிலும் ஒருத்தருக்கு ஒருத்தர் துணை உண்டு. பக்கத்திலேயே ஓடி வேகம் வைத்துக் கொடுப்பார்கள். வீடியோவில் பல் டாக்டர் ஓடுகிறார். பக்கத்தில் சாய்குமார், கையைத் தட்டித் தட்டி அவருக்கு எண்ணிக் கொடுத்தபடி ஓடுகிறான். சௌராஷ்டிரத்தில். எண்ணிக்கை பத்தைத் தாண்டிப் போகிறது. பதினொன்றுக்கு அந்த மொழியில் என்ன என்பதைச் சின்னக்கருப்பன் அன்றைக்குத்தான் கேட்டான்.

"எனக்கு நிக்க வேண்டியவன் இன்னொருத்தனுக்கு ஓடுறான், பாரு," என்று போனைப் பாண்டிமீனாவிடம் நீட்டினான்.

டாக்டருக்குப் பல் நன்றாக இருக்கிறது என்று பாண்டிமீனா சொன்னது உதவவில்லை. அன்று சாயங்காலமே போய் ஷூ வாங்கிவிட்டான். ஓடியே இவனைப் பிடிக்க வேண்டும். டாக்டருக்கு முன்னால் வைத்துப் பிடிக்க வேண்டும். தாண்டிப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பொறாமையில் ஆரம்பிக்கிற எந்தக் காரியத்தையும் மனிதன் தனக்குத் தெரிந்த வழியில்தான் செய்வான். சின்னக்கருப்பனுக்குத் தெரிந்தது பளு தூக்குவது. ஆகவே ஓட்டத்தையும் தூக்கினான். பெல்ட்டை மாட்டினான். கையில் பவுடரைத் தேய்த்தான், எதற்கென்று அவனுக்கே தெரியாது. பாரம் தூக்குகிறவன் மூச்சை நிறைய இழுத்து வயிற்றில் அடைத்துக்கொண்டு, தூக்கி முடித்த பிறகுதான் விடுவான். இவனும் மூச்சை அடைத்துக்கொண்டு கம்பத்திலிருந்து கம்பத்துக்கு முழுப் பலத்தில் பாய்ந்தான். அது ஒரு செட். அடுத்த செட்டுக்கு முன்னால் நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்பது ஜிம்மில் படித்த பாடம். நின்று எடுத்தான். அந்த ஓய்வைத்தான் காளையின் கடையில் சந்து பார்ப்பதாக எழுதிக்கொண்டார்கள்.

நாய்கள் இவனை ஒரு கம்பம் விரட்டிவிட்டு, இவன் நின்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் தாங்களும் நின்றன. சோணையம்மாள் வாசலில் இருந்து பார்த்துவிட்டு, "முந்தி எவன் கூலி தாரான்னு கேட்டேன். இப்ப எவன்டா வெரட்டுறான்?" என்றார்.

நான் விசாரிக்கப் போன சமயம் அவன் இந்தக் கட்டத்தில்தான் இருந்தான். அதற்கப்புறம் நடந்ததற்கு அவனியாபுரமே சாட்சி.

ஒருநாள் கண்மாய்க் கரையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். மாவுப் பாக்கெட் போட ஸ்கூட்டியில் வந்த பாண்டிமீனா பார்த்துவிட்டார். பெல்ட்டைக் கழற்றி மாவுக் கூடையில் போட்டார். ஷூ வாங்கின நாளிலிருந்து வீட்டில் இவன் வாயைத் திறப்பதில்லை. போனைப் பார்ப்பது, பெருமூச்சு விடுவது, தூங்குவது. இந்தச் சமயத்தை விட்டால் பேச ஆள் கிடைக்க மாட்டான் என்று தெரிந்த பாண்டிமீனா ஒரு நிபந்தனை போட்டார்: தினமும் ஸ்கூட்டி பக்கத்திலேயே ஓட வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்றால் ஷூ கண்மாயில்.

மாவு போடுகிற வேகம் என்பது மெதுவான வேகம். வீட்டுக்கு வீடு நிற்க வேண்டும். ஆனால் பாண்டிமீனாவின் கேள்விகள் நிற்கவில்லை. கேஸ் புக் பண்ணியாச்சா, தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்யப் போகிறோம், அந்த வில்லாபுரம் கேட்டுக்கு ஏன் இன்னும் பணம் வரவில்லை. மூச்சை அடைத்துக்கொண்டு யாரும் மனைவிக்குப் பதில் சொல்ல முடியாது. சின்னக்கருப்பன் வாயைத் திறந்தான். வாய் திறந்ததும் மூச்சு தானாகப் போய் வந்தது. நீண்ட தூரம் ஓடுகிறவன் பேச முடிகிற வேகத்தில்தான் பழக வேண்டும் என்று பணம் வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுக்கிறார்களாம். பாண்டிமீனாவுக்கு இது தெரியாது. அவருக்கு வேண்டியது பதில்.

கேள்வி தீர்ந்துபோகிற நேரங்களில் சின்னக்கருப்பன் மூச்சை எண்ணிக்கொண்டு ஓடினான். ஒன்றிலிருந்து பத்து. பிறகு மறுபடி ஒன்று. எந்த மொழியில் என்று பாண்டிமீனா கேட்கவில்லை, தெரியும்.

பெல்ட் போட்ட இடுப்பு சுருங்கியது. கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று முதல்முறையாகத் தெரிந்தது. ஜிம் பக்கம் தலைகாட்டிய ஒருநாள் சிவபாண்டி மாஸ்டர் அவனைச் சுற்றி வந்து பார்த்தார். "உடும்பா இருந்த பய, ஓணானாப் போயிட்டான்," என்று மற்றவர்களிடம் சொன்னார். குரலில் துக்கம்.

அடுத்த ஓட்டப் போட்டிக்குச் சின்னக்கருப்பனும் பெயர் கொடுத்தான். நாகமலை அடிவாரத்தில் அது நடந்த அன்று, மாவு வியாபாரத்துக்கு விடுமுறை விட்டுவிட்டுப் பாண்டிமீனாவும் வந்திருந்தார். கிளிப்பச்சை பனியன்களின் நடுவே சாய்குமாரும் டாக்டரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சாய்குமாரின் பார்வை இரண்டு தடவை சின்னக்கருப்பன் மேல் பட்டு வேறெங்கோ போனது. அடையாளம் தெரியவில்லை. அதுவும் ஒரு குத்து.

பாதி தூரத்தில் சின்னக்கருப்பன் அவனைப் பிடித்துவிட்டான். ஆனால் தாண்டவில்லை. சாய்குமாருக்குப் பின்னால், கையை நீட்டினால் தோளைத் தொடும் தூரத்தில் ஒட்டிக்கொண்டான். வருடக்கணக்கில் அந்த இடத்தில் நின்றவன். அதே இடத்தில் ஓடவும் கால் தெரிந்து வைத்திருந்தது. தாண்டுவதற்கென்றே இத்தனை நாள் ஓடியவன், ஏதோ அங்கேயே இடம் கிடைத்துவிட்டது போல வெகுதூரம் வந்தான். முன்னால் டாக்டர் திரும்பி, "கமான் சாய்," என்று கையைத் தட்டினார். அந்தத் தட்டலைக் கேட்டதும்தான் சின்னக்கருப்பனுக்கு வந்த வேலை ஞாபகம் வந்தது. பக்கத்தில் ஏறி வந்தான்.

இந்த நேரத்தில் சொல்வதற்கென்று அவன் ரொம்ப நாளாகச் சேர்த்து வைத்திருந்த வசவுகளைப் பாண்டிமீனாவே எனக்குச் சொல்லியிருக்கிறார், அச்சில் வராது. அவற்றில் ஒன்றும் வரவில்லை.

"போன் பேசி முடிச்சிட்டியா மாப்ள?"

சாய்குமார் திரும்பினான். பார்த்தான். வாயைத் திறந்தான். பேச மூச்சு இல்லை. சின்னக்கருப்பனுக்கோ மூச்சு மிச்சம். கேஸ் சிலிண்டருக்கும் வில்லாபுரம் பாக்கிக்கும் ஓடிக்கொண்டே பதில் சொல்லிப் பழகியவன். முழங்கால் பட்டையைப் பற்றிச் சொன்னான். பிளக்ஸைப் பற்றிச் சொன்னான். பதினொன்றைப் பற்றிச் சொன்னான். எல்லாம் சாவகாசமாக, பக்கத்து வீட்டுச் சேதி போல. பதில் சொல்ல முடியாத ஒருவனிடம் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, அவனையும் டாக்டரையும் விட்டுவிட்டுப் போய்விட்டான். திரும்பிப் பார்க்க நினைத்திருந்தது மட்டும் மறந்துவிட்டது.

ஓட்டம் முடிந்ததும் டாக்டர் வந்து கை கொடுத்து, உங்கள் கோச் யார் என்று கேட்டார். "மாவுக்கடை," என்றான் சின்னக்கருப்பன்.

அன்று சாயங்காலம் சாய்குமார் தன் வீட்டில் உட்கார்ந்து, ஓட்டத்தில் எடுத்த ஒரு படத்தில் சின்னக்கருப்பனின் வயிற்றை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததாக அவன் மனைவி ஸ்வர்ணா பாண்டிமீனாவிடம் சொல்லியிருக்கிறார். நோய் இடம் மாறிவிட்டது.

மறுநாள் சாய்குமார் ஜிம்முக்கு வந்தான். கையில் ஸ்வர்ணா போட்டுக் கொடுத்த முள்ளுமுருங்கை வடை. சின்னக்கருப்பனை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். ரத்தக்கொதிப்பு, கூச்சம், அன்றைக்கு வந்த போன் எல்லாவற்றையும் சாய்குமார் சொன்னான். சின்னக்கருப்பன் வடையைத் தின்றுகொண்டு கேட்டான்.

"தப்புத்தான் மாப்ள. ஏத்து. இப்ப நிக்கிறேன்," என்றான் சாய்குமார்.

ஜிம் முழுக்க வேலையை நிறுத்தியது. இருநூற்று இருபது ஏறியது. முழங்கால் பட்டை, பவுடர். பெல்ட் கடைசி ஓட்டையிலும் தொளதொளவென்று இருந்ததால் மாஸ்டர் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தார். சாய்குமார் பின்னால் வந்து கைகளை நீட்டினான். சின்னக்கருப்பன் பாருக்குக் கீழே போய் மூச்சை அடைத்தான். பார் கொக்கியை விட்டு ஒரு விரல்கடை எழுந்தது. இரண்டு தொடையும் மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கின. அப்படியே இறக்கி வைத்துவிட்டான்.

உட்காராத தூக்கு தூக்கில்லை, ஆகவே நின்றதும் கணக்கில் சேராது என்று மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார்.

"பாதியாக் கொற மாப்ள. அதுக்கு நிக்கிறேன், கணக்கு முடிஞ்சிரும்," என்றான் சாய்குமார்.

"பாதிக்கு எனக்கு எவனும் நிக்க வேணாம்," என்றான் சின்னக்கருப்பன். "நீ போனது இதுக்குத்தான். இதுக்குத்தான் நிக்கணும்."

சிக்கல் என்னவென்று புரிந்திருக்கும். கடன்காரனைப் பிடிப்பதற்காக ஓடி ஓடி, வாங்க வேண்டிய கடனை வாங்குகிற தெம்பை ரோட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். மறுபடி அந்த எடையைத் தூக்க வேண்டுமென்றால் ஓட்டத்தை விட வேண்டும், உட்கார்ந்து இட்லியை அடுக்க வேண்டும். மாஸ்டர் ஒரு வருடம் கேட்கிறார். அந்த ஒரு வருடமும் சாய்குமார் டாக்டரோடு ஓடுவான். அதை நினைத்தாலே சின்னக்கருப்பனுக்கு இட்லி இறங்கவில்லை.

இப்போது இரண்டு பேரும் காலையில் சேர்ந்து ஓடுகிறார்கள். சாய்குமார் திருநகரிலிருந்து அவனியாபுரம் வரைக்கும் வருகிறான். டாக்டருக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் என்று கேள்வி. சாய்குமார் முன்னால், சின்னக்கருப்பன் பின்னால். எண்ணிக்கை பத்தோடு நின்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அதற்கு மேல் எண்ணக் கூடாதென்று சின்னக்கருப்பனின் உத்தரவு.

பட்டறைக்கு மறுபடி போயிருந்தபோது, இந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டால்தான் என்ன என்று கேட்டேன். சின்னக்கருப்பன் முகமூடியைத் தூக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"தள்ளுபடி பண்ணிட்டா அப்பறம் எதுக்குண்ணே அவன் எம் முன்னாடி ஓடப் போறான்?"

திரும்பும்போது காளையிடம் டீ குடித்தேன். கடனை வாங்கிவிட்டானா என்று அவர்தான் ஆரம்பித்தார். இல்லை என்றேன். அவருக்கு அது தெரிந்த விஷயந்தான். இப்போதெல்லாம் விரட்டப்படுகிற ஆளையும் கடையிலிருந்தே எல்லோரும் பார்க்கிறார்களே.

"ஆளு நல்லாத்தான் இருக்கான், வெள்ளையுஞ் சொள்ளையுமா," என்றார் காளை. "குடுக்கத்தான் மனசு வரல போல."